வெறுங்காலுக்காகச் செய்த கார்

என் வலது கால்தான் எனக்குச் சோறு போட்டது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இன்றைக்கு ஹட்டனில் மெயின் ரோட்டைப் பார்த்த கராஜ், அதற்கு மேலே மாடி வீடு, பட்டம் வாங்கி டீச்சராக இருக்கும் ஒரு மகள். இதையெல்லாம் நான் கையால் சம்பாதித்தேன் என்று ஊர் நினைக்கிறது. கை எல்லா மெக்கானிக்குக்கும்தான் இருக்கிறது. நான் காலால் சம்பாதித்தேன்.

எங்கள் காலத்து மலை டிரைவர்கள் செருப்போடு பெடலை மிதிக்க மாட்டார்கள். லொறியில் ஏறும்போதே செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுவோம். கண்ணாடிக்குக் கீழே சாமி படம் இருக்கிறது என்பது ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் உள்ளங்கால். கிளச் தட்டு தேய்ந்திருக்கிறதா, பிரேக் பைப்பில் காற்று ஏறியிருக்கிறதா, முன் சில்லு ஆடுகிறதா, எல்லாம் முதலில் தெரிவது அங்கேதான். காதுக்குத் தெரியும் முன்னே காலுக்குத் தெரிந்துவிடும். மஸ்கெலியா பஸ் ஒன்றை ஒருநாள் கராஜுக்கு வெளியே நிறுத்தி, பிரேக் பெடலில் வெறுங்காலை வைத்து ஒரே ஒரு தரம் மிதித்துப் பார்த்து, "இத இப்பிடியே எறக்கத்துல கொண்டு போகாத, பின்பக்கம் எண்ணெ ஒழுகுது" என்று சொன்னேன். டிரைவர் சிரித்தான். கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழும்பியவன் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த லைனில் ஓடும் பஸ் எல்லாம் என்னிடம்தான் வந்தன. இந்தப் பக்கத்தில் என்னை மாதிரி ஒரு கால் இருந்ததில்லை. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமும் இல்லை.

அந்தக் காலுக்குச் சீனி வருத்தம், அதுதான் சர்க்கரை நோய், வந்தது. எப்போது மரத்துப்போனது என்று தெரியாது. மரத்துப்போவது தெரியாமலே நடக்கிற காரியம். ஒரு நாள் சாயங்காலம் திண்ணையில் குந்தியிருந்த என் குதிகாலில் ஒரு சின்ன ஆணி ஏறி நிற்பதை என் வீட்டுக்காரிதான் கண்டாள். காலையிலிருந்து அதோடு நடந்திருக்கிறேன். அவள் சத்தம் போடவில்லை. குறடு எடுத்து வரச் சொல்லிப் பிடுங்கினாள். அன்றிலிருந்து தினமும் என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, விரல் இடுக்கு விரல் இடுக்காகப் பார்ப்பாள். நான் ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன மழைக்காலத்தில் அவள் காய்ச்சலில் படுத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். திரும்பி வரவில்லை. எட்டு, கருமாதி எல்லாம் முறையாக நடந்தது. வந்தவர்களுக்கு நாற்காலி போதவில்லை என்று கோயிலிலிருந்து இன்னும் எடுத்து வரச் சொன்னது நான்தான். பந்தல் கட்டினவனின் வேலை சரியில்லை என்று சொன்னதும் நான்தான். அழவில்லை. அழக்கூடாது என்று இல்லை, வரவில்லை. மகள் என்னைப் பார்த்த பார்வை ஞாபகம் இருக்கிறது. அந்தப் பார்வையும் என்னை ஒன்றும் செய்யவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். மகள் ஒரு பேசினில் சுடுதண்ணீரோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"அப்பா, காலக் காட்டுங்க."

"எதுக்கு?"

"அம்மா பாத்த மாதிரி பாக்கணும். கிளினிக்ல சொன்னாங்க."

"நானே பாத்துக்குவேன் புள்ள. நீ போய்ப் பாடத்தப் படி."

"பாடம் படிக்கிற வயசா எனக்கு? நான் படிச்சுக் குடுக்கிறவ. காலக் குடுங்கப்பா."

பெற்ற மகளின் மடியில் காலை நீட்டுவதா? எங்கள் ஆட்களில் எந்த அப்பன் அப்படிச் செய்வான்? நான் எழும்பிப் போய்விட்டேன். அவள் பேசினைத் தூக்கிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

கிளினிக் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர். அவருடைய காருக்கு நான்தான் வேலை பார்க்கிறேன். அவர் ஒரு சின்னக் கம்பியால் என் பாதத்தில் பல இடத்தில் தொட்டார். "தெரியுதோ, தெரியுதோ" என்று கேட்டுக்கொண்டே போனார். கணுக்காலுக்கு மேலேதான் நான் ஆம் என்றேன்.

"ஐயா, நான் ஒளிக்காமச் சொல்லுறன். இந்தக் காலிலை இனி ஒரு காயம் வந்தா, விரலை எடுக்க வேண்டி வரும். பிறகு வாகனம் ஓடலாமெண்டு நான் எழுதித் தரமாட்டன்."

லைசன்ஸ் முடிய இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. அவர் எழுதித் தந்தால்தான் புதிது கிடைக்கும். வண்டி ஓட்டாத நான் யார் என்று யோசித்துப் பார்த்தேன். சரி, காயம் வராமல் பார்த்துக்கொள்வோம் என்று வீட்டுக்கு வந்தேன்.

அந்த நாட்களில் என்னிடம் இருந்த ஒரே வேலை அந்தக் கார்தான். ஒரு தோட்டத்து பங்களாவில் வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன பழைய இங்கிலீஸ் காரின் கூடு, பசளைக் கொட்டகைக்குள் கோழி அடைந்துகொண்டு கிடந்தது. வீட்டுக்காரி இருக்கும்போதே இழுத்து வந்து போட்டிருந்தேன். அவள் போன பிறகு காலையில் இறங்கினால் இருட்டும் வரை அதோடுதான். ஏன் செய்தாய் என்று கேட்டால் தெரியாது. கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான்.

கூரையை வெட்டிப் பதித்தேன். கதவு இரண்டையும் வெல்டிங் வைத்து மூடினேன், ஏறுவதும் இறங்குவதும் ஜன்னல் வழியாகத்தான். பள்ளத்தில் விழுந்த ஜப்பான் வேன் ஒன்றின் எஞ்சினை எடுத்து, முன்பாரம் குறையட்டும் என்று அதை டிரைவர் பக்கமாகப் பின்னுக்குத் தள்ளி இறக்கினேன். பின் அச்சு ஒரு சின்ன லொறியுடையது. ஒரே சீட். கொழும்பில் ஃபாரின் புத்தகம் பார்த்து இப்படிக் கார் செய்கிறார்களாம். நான் ஒரு புத்தகமும் பார்க்கவில்லை. அளவு எல்லாம் என் சாணும் முழமும்தான்.

லேத் வேலை முழுக்க பாஸ் செய்தான். நுணுக்கமான வேலைக்காரனை இங்கே எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். சிங்கள ஆள், என்னைவிடக் கொஞ்சம் இளையவன், முப்பது வருடமாகக் கராஜுக்குப் பக்கத்தில் லேத் போட்டிருக்கிறான். அவனுக்கும் எனக்கும் சண்டை வந்தது தரைத் தகட்டில்தான்.

பக்கத்துத் தோட்டத்தில் ஸ்டோரை, அதாவது தேயிலை ஃபாக்டரியை, மூடி இரும்பை விற்றபோது, தேயிலை காயவைக்கும் மெசினுக்குள் ஓடும் ஓட்டைத் தட்டுகளை வாங்கி வைத்திருந்தேன். சல்லடை மாதிரி முழுக்க ஓட்டை. அதைத்தான் காலடிக்கும் பெடலுக்கும் போட்டேன். மழையில், பனியில், வெறுங்கால் அதில் வழுக்காது.

பாஸ் குனிந்து பார்த்தான். "மொதலாளி, இதுக்குக் கீழதானே சைலன்சர் பைப் போகுது? சூடு மேல வரும்."

"காத்தும்தானே வரும்."

"காத்து வரும். சூடும் வரும். தட்டு செஞ்சதே சூடு வாறதுக்குத்தானே!"

"தேயிலைக்குத்தான் அது சூடு. ஒனக்கும் எனக்கும் என்னா? லேத்தப் பாரு."

பெடல்களையும் என் வெறுங்காலுக்கு அளவெடுத்தே வைத்தேன். பெருவிரல் பக்கம் பிரேக்கை மிதிக்கும்போது சுண்டுவிரல் பக்கம் எக்சிலேட்டரைத் தட்ட வேண்டும். அவ்வளவு நெருக்கம். பாதத்தில் உணர்ச்சி இல்லாவிட்டால் என்ன? கணுக்காலுக்கு மேலே எல்லாம் உயிரோடுதான் இருந்தது. தொடையால் மிதித்து, எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டு, எவ்வளவு மிதித்திருக்கிறேன் என்று கண்டுகொள்ளப் பழகினேன். உடப்புசல்லாவைப் பாதையில் விடியற்காலையில் ஓட்டிப் பார்த்தேன். ஒருவனும் வித்தியாசம் கண்டிருக்க மாட்டான்.

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்கு வெளியே ஒரு தோட்டத்தைச் சுற்றிவரும் தார் ரோட்டை அடைத்து ரேஸ் வைத்தார்கள். சொந்தமாகக் கட்டிய கார்களுக்கு ஒரு பிரிவு. பேர் கொடுத்தேன். கொழும்பு, கண்டி, குருநாகல் ஆட்கள். தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்தவன் நான் ஒருவன்தான்.

கார்களைச் சோதிக்க வந்த பொடியன் மரியாதையானவன். என் வெல்டிங்கைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினான். கடைசியில் என் காலைப் பார்த்தான்.

"அங்கிள், சப்பாத்து இல்லாம ஓட ஏலாது. ரூல்."

"இருக்கு தம்பி. போட்டுக்கிட்டு வாறேன்."

இருந்தது. பாஸ் வாங்கி வந்த துணிச் சப்பாத்து. ஆனால் அதைப் போட்டு மிதித்தால் ஒரு மிதியில் பிரேக்கும் எக்சிலேட்டரும் சேர்ந்து இறங்கும். பெடல் அவ்வளவு நெருக்கம். காரை ஏற்றி வந்த லொறிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, கத்தியால் வலது சப்பாத்தின் அடியைச் சுற்றிவர அறுத்து எடுத்தேன். மேலே பார்த்தால் சப்பாத்து. கீழே என் உள்ளங்கால். பாஸ் பார்த்துக்கொண்டே நின்றான்.

"பிஸ்ஸுத மொதலாளி? ஒங்களுக்குப் பைத்தியமா? செக் பண்ற தொரை கேட்டா?"

"கால் தூக்கிக் காட்டச் சொல்ல அவன் என்ன லாடம் அடிக்கிறவனா?"

பாஸ் சிரித்துவிட்டான். அவனுக்குச் சீனி வருத்தம் தெரியும். கால் இந்த அளவுக்குச் செத்துவிட்டது என்பது தெரியாது. மகளுக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். மகள் மேலே தேயிலை மேட்டில் சனத்தோடு குடை பிடித்துக்கொண்டு நின்றாள்.

கொடி விழுந்தது. போனோம்.

லீக்ஸ் பாத்திக்குப் பக்கத்திலிருந்து ரோடு ஏறுகிறது. தேயிலைக்குள் வளைந்து வளைந்து சைப்பிரஸ் மர வரிசை வரைக்கும் ஏற்றம். அங்கிருந்து லயத்தைச் சுற்றி ஒரு கொண்டை ஊசி வளைவு. பிறகு ஓடை வரைக்கும் இறக்கம், அங்கிருந்து மறுபடி லீக்ஸ் பாத்தி. இப்படி ஆறு சுற்று. ஏற்றத்தில் பெரிய எஞ்சின்காரர்கள் என்னை விட்டுவிட்டுப் போனார்கள். போகட்டும். இறக்கத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

இப்படி ஓட்டும்போது நெஞ்சு அடிக்கும், வாய் காயும் என்றெல்லாம் பொடியன்கள் சொல்வார்கள். எனக்கு அன்றைக்கு ஒன்றும் இல்லை. மணல் மூட்டையை உரசிக்கொண்டு பின்சில்லு வழுக்கும். கை ஸ்டியரிங்கைத் திருப்பும். கார் நேராகும். அடுத்த வளைவு வரும். பயம் வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை. ஆனால் ஓட்டியது நான் என்பதால் சொல்கிறேன், அந்த இறக்கத்தில் அப்படி ஓட்ட அங்கே வேறு ஆள் இல்லை.

பாதி ஓடியிருக்கும்போது பனி இறங்கியது. கொழும்புக்காரர்கள் காலை எடுத்துவிட்டார்கள். நான் எடுக்கவில்லை. பனிக்குள் ரோட்டைப் பார்க்கக் கூடாது, தேயிலைச் செடியின் விளிம்பைப் பார்க்க வேண்டும். கவ்வாத்து வெட்டிய மலை என்றால் விளிம்பு கீழே தெரியும், வெட்டாத மலை என்றால் உயர்ந்து தெரியும். இதைச் சின்ன வயதிலேயே லொறியில் கிளீனராக நின்று படித்துவிட்டேன். கொண்டை ஊசியில் ஒரு சிவப்புக் காரை உள்பக்கமாகத் தாண்டினேன். இறக்கத்தில் இன்னொன்றை. மேட்டில் நின்ற சனம் கூச்சல் போட்டது. "தாத்தா! தாத்தா!" என்று கத்தினார்கள். கேட்டது.

அப்போதுதான் வாடை வந்தது. கருகின வாடை.

மெக்கானிக் மூக்கு. உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டது: கிளச் தட்டு. ஏற்றத்தில் அதிகமாக உரசியிருக்கிறேன். இன்னும் மூன்று சுற்று தாங்கும் என்று கணக்குப் போட்டு, கிளச்சை மெதுவாகத் தொட்டு ஓட்டினேன். வாடை குறையவில்லை. எக்சிலேட்டர் கொஞ்சம் ஒட்டுகிற மாதிரி இருந்தது. அழுத்தினால் இறங்கியது, விட்டால் சுணங்கி ஏறியது. ஸ்பிரிங் இழுத்துவிட்டது என்று நினைத்தேன். அதற்கும் தகுந்த மாதிரி ஓட்டினேன்.

மூன்றாவதாக வந்தேன். ஒரு எழுத்துத் தெளிவாக எழுதத் தெரியாதவன், சாண் அளந்து கட்டிய காரில், அறுபத்தேழு வயதில்.

காரை ஓரமாக நிறுத்தி எஞ்சினை நிறுத்தினேன். பாஸ் ஓடி வந்தான். நான் இறங்கக் காலைத் தூக்கினேன். வரவில்லை. தட்டோடு ஒட்டியிருந்தது. இன்னொரு தரம் இழுத்தேன், வந்தது. பாஸின் முகம் மாறியது. சிங்களத்தில் அம்மாவைக் கூப்பிட்டான்.

"என்னா, கிளச்சா?" என்று கேட்டேன்.

"கிளச் இல்ல மொதலாளி. கீழ பாக்காதீங்க. பாக்காதீங்க."

பார்த்தேன். துணி கருகிச் சுருண்டிருந்தது. உள்ளங்காலில் தட்டின் ஓட்டைகள் வரிசை வரிசையாக அச்சுக் குத்தியிருந்தன. ஓட்டை இருந்த இடமெல்லாம் வெள்ளையாகப் பொங்கி, சுற்றிவர கறுப்பு. யாரோ ஒருவருடைய காலைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தேன். அது எனக்கு வலிக்கவில்லை. பாஸ் என்னை ஜன்னல் வழியாகத் தூக்கி எடுத்துப் புல்லில் இருத்தினான்.

சனத்தை விலக்கிக்கொண்டு மகள் வந்தாள். குடை எங்கேயோ விழுந்துவிட்டது. சேலையோடு ஈரப் புல்லில் உட்கார்ந்து, என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். இத்தனை பேர் முன்னால். நான் இழுக்கவில்லை. இழுக்க வேண்டும் என்று தோன்றியது, ஆனால் இழுக்கவில்லை.

"வலிக்குதாப்பா?"

"இல்ல."

"கொஞ்சங்கூட?"

"ஒன்னுந் தெரியல புள்ள."

அவள் அப்போதுதான் அழுதாள். அவளுடைய கண்ணீர் என் காலில்தான் விழுந்தது. விழுவது தெரிந்தது. கண்ணுக்குத்தான். சோதித்த அந்தப் பொடியன் தண்ணீர் போத்தலோடு வந்து நின்று, பாஸ் கழற்றி வைத்த அறுத்த சப்பாத்தைக் கையில் எடுத்துப் பார்த்தான். உள்ளே கையை விட்டான், விரல்கள் மறுபக்கத்தால் வெளியே வந்தன. "அங்கிள்..." என்றான். என் மூன்றாம் இடத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். ரூல் என்றால் ரூல். ஆனால் ஓடினது ஓடினதுதான், மூன்றாவதாக வந்ததைச் சனம் பார்த்தது.

சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் போயின. குதிகால் ஆறக் கன நாள் எடுத்தது. அறுத்த நாளில் டாக்டர் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஐயா, எழுதித் தர ஏலாது. உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியுங்க."

"என்னிலை கோவமோ?"

"இல்லீங்க. ஒங்க கார் பிரேக் சத்தம் போடுது. காட்டிட்டுப் போங்க."

கோபம் உண்மையாகவே இல்லை. என் லைசன்ஸ் தேதி முடிந்த நாளில் நான் கராஜில் உட்கார்ந்து ஒரு கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என்ன நாள் என்று மகள் சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. இப்போது தினமும் அவள் வந்ததும் நானே காலை நீட்டிவிடுகிறேன். கட்டை அவிழ்த்துப் பார்க்கிறாள், மருந்து போடுகிறாள், பள்ளிக்கூடத்துக் கதை சொல்கிறாள். நான் தலையாட்டுகிறேன். அவளுக்கு அதில் ஏதோ நிம்மதி இருக்கிறது. இருக்கட்டும்.

கார் அப்படியே நின்றது. ஒரு நாள் காலையில் பாஸ் என்னைக் கேட்காமலே ஓட்டைத் தட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, கனமான தகடு போட்டு, பைப்பை வெளிப்பக்கமாகத் திருப்பியிருந்தான். பெடல்களையும் சப்பாத்துக்கு அளவாக அகட்டி வைத்திருந்தான். மூடிய கதவுகளை வெட்டித் திறந்து, இடது பக்கம் இன்னொரு சீட்டும் வெல்டிங் செய்திருந்தான்.

"யாருக்குடா இந்தச் சீட்?"

"ஒங்களுக்குத்தான். ஏறுங்க மொதலாளி. மஸ்கெலியா பக்கம் போயிட்டு வருவம்."

ஏறினேன். அவன் சப்பாத்துப் போட்ட காலோடு ஓட்டினான். நீர்த்தேக்கத்துப் பக்கமாக இறங்கும்போது மூன்றாவது கியரில் வர வேண்டிய வளைவுக்கு நாலாவதில் வந்தான். நான் சொல்லவில்லை. எஞ்சின் முக்கியது. அவனே விளங்கிக்கொண்டு மாற்றினான்.

"சரியாப் போறனா?" என்று என்னைப் பார்த்துக் கத்தினான். கூரை பதிந்த காருக்குள் கத்தினால்தான் கேட்கும்.

"ரோட்டப் பாரு."

ஒவ்வொரு வளைவிலும் என் வலது தொடை தானாக இறுகி, புதுத் தகட்டை மிதித்தது. கீழே பாதம் மிதிக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். இரண்டு மூன்று வளைவு வரைக்கும் குனிந்து பார்த்தேன். மிதித்துக்கொண்டுதான் இருந்தது. பிறகு பார்ப்பதை விட்டுவிட்டேன். நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றிப்போய்ச் சேறு தெரிந்தது. பாஸ் அடுத்த வளைவைக் கொஞ்சம் வேகமாகவே எடுத்தான். பரவாயில்லை, பழகிவிடுவான்.